ரூட் கூட்டல், விகிதமுறு எண், விகிதமுறா எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களும் வருகிறார்கள், பாகூர், அரியாங்குப்பம் பக்கமிருந்து சிபிஎஸ்இ படிப்பவர்களும் வருகிறார்கள். புத்தகம் வேறானாலும் மெய்யெண்கள் பாடம் தொடங்கியதும் கிளம்பும் சந்தேகங்கள் ஒன்றேதான். பிள்ளைகள் வகுப்பில் கேட்டதையும் பெற்றோர் வாட்ஸ்அப்பில் கேட்டதையும் அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் உள்ள பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படியுங்கள்.

1. மிஸ், விகிதமுறு எண், விகிதமுறா எண்ணுன்னா என்ன? சிம்பிளா சொல்லுங்க.

மேலே ஒரு முழு எண், கீழே பூச்சியம் அல்லாத ஒரு முழு எண் என்று பின்னமாக எழுத முடிந்தால் அது விகிதமுறு எண். 5 என்பது 5/1. 0.35 என்பது 7/20. −3, 0 இரண்டும் விகிதமுறு எண்கள்தான். எப்படி முயன்றாலும் அப்படி எழுத முடியாத எண், விகிதமுறா எண்.

ஒரு எண் இப்போது எந்த உருவில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள். பின்னமாக எழுத வழி இருக்கிறதா என்று பாருங்கள். இதை விட்டுவிடுவதால்தான் கீழே உள்ள பாதிக் கேள்விகள் வருகின்றன.

2. ரூட் போட்டிருந்தாலே அது விகிதமுறா எண்தானே?

இல்லை. √49 என்பது 7. √(9/16) என்பது 3/4. ரூட் குறி இருந்தும் இரண்டும் விகிதமுறு எண்கள். ஒரு மிகை முழு எண்ணுக்கு ரூட் எடுத்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: உள்ளே இருப்பது முழு வர்க்கம் என்றால் விடை முழு எண், இல்லையென்றால் விடை விகிதமுறா எண். நடுவில் ஏதோ ஒரு பின்னமாக வந்து நிற்காது. ஏன் என்பதை 9ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

தசமத்தில் கவனம் வேண்டும். √0.04 என்பது 0.2, சரி. √0.4 எவ்வளவு என்று கேட்டால் அதற்கும் 0.2 என்றே எழுதிவிடுகிறார்கள். 0.4 என்பது 10/25, ஆகவே √0.4 என்பது √10/5. 10 முழு வர்க்கம் இல்லை, எனவே இது விகிதமுறா எண். √2.25 என்பது 1.5, √22.5 விகிதமுறா எண். புள்ளி ஓர் இடம் நகர்ந்தால் எண்ணின் வகையே மாறிவிடலாம். சந்தேகம் வந்தால் பின்னமாக மாற்றி, கீழே முழு வர்க்கம் வருமாறு செய்துவிட்டு மேலே பாருங்கள்.

3. √9 + √16 = √25தானே? ஏன் மிஸ் தப்பு போட்டீங்க?

√9 என்பது 3, √16 என்பது 4, கூட்டினால் 7. √25 என்பது 5. ஏழும் ஐந்தும் சமமாகாது.

ஏன் சமமாகாது என்று வர்க்கப்படுத்திப் பாருங்கள். √9 + √16 என்பதை வர்க்கப்படுத்தினால் 9 + 16 + 2×√9×√16, அதாவது 25 + 24 = 49. ரூட்டுகளைச் சேர்த்து √25 என்று எழுதும்போது அந்த 24ஐத் தொலைத்துவிடுகிறோம். இரண்டு எண்களில் ஒன்று பூச்சியமாக இருந்தால் மட்டுமே அந்த நடு உறுப்பு மறையும். மற்ற எல்லா இடத்திலும் ரூட்டுகளின் கூட்டல், கூட்டலின் ரூட்டைவிடப் பெரியதுதான்.

பெருக்கலில் மட்டும் சேர்க்கலாம்: √9 × √16 = √144 = 12. பெருக்கலில் சரியாக வந்த பழக்கத்தை யோசிக்காமல் கூட்டலுக்கும் கொண்டுபோவதால்தான் இந்தத் தவறு இத்தனை பேரிடம் வருகிறது. ரூட்டுக்கு நடுவில் + அல்லது − குறியைப் பார்த்தால் கையை நிறுத்துங்கள்.

4. அப்போ √2 + √3க்கு விடை என்னதான் எழுதறது?

√2 + √3 என்றே எழுதுங்கள். அதுதான் விடை. ஏதோ பாதியில் விட்ட மாதிரி பிள்ளைகளுக்குத் தோன்றுகிறது, ஆனால் இதற்கு மேல் சுருக்க அங்கே ஒன்றும் இல்லை. தோராய மதிப்பு கேட்டால் மட்டும் 1.414 + 1.732 = 3.146 என்று எழுதலாம்.

5. √2 + √3 கூட்ட முடியாது, ஆனா √8 + √18 மட்டும் எப்படி கூட்டறீங்க?

8க்குள் 4 என்ற முழு வர்க்கம் இருக்கிறது: √8 = √4 × √2 = 2√2. 18க்குள் 9 இருக்கிறது: √18 = 3√2. இரண்டும் √2 குடும்பம் என்று தெரிந்துவிட்டது. இரண்டு √2, மூன்று √2, ஆக ஐந்து √2. விடை 5√2. இங்கே √26 என்று எழுதினால் 3ஆம் கேள்வியின் தவறுதான். 5√2 என்பது √50. √26ஐவிட எவ்வளவு பெரியது பாருங்கள்.

ரூட்டுக்குள் இருக்கும் முழு வர்க்கத்தை எல்லாம் வெளியே எடுத்த பிறகு, உள்ளே ஒரே எண் மிஞ்சினால் அவை ஒத்த முறுடுகள் (ரூட் நீங்காமல் நிற்கும் எண்தான் முறுடு). ஒத்தவற்றை மட்டும்தான் கூட்டிக் கழித்து ஒன்றாக்கலாம். √50 + √72 − √98 என்பது மூன்று பெரிய ரூட்டுகள் போலத் தெரிகிறது. வெளியே எடுத்தால் 5√2 + 6√2 − 7√2 = 4√2. ஆகவே எளிமையாக்கிப் பார்க்காமல் "இதைக் கூட்ட முடியாது" என்று முடிவு கட்டாதீர்கள்.

6. பெரிய நம்பர் வந்தா உள்ள எந்த வர்க்கம் இருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

பகாக் காரணிகளாகப் பிரியுங்கள். 1008 = 2×2×2×2×3×3×7. ஜோடி ஜோடியாக எடுத்தால் இரண்டு ஜோடி 2, ஒரு ஜோடி 3, தனியாக ஒரு 7. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று வெளியே வரும்: 2×2×3 = 12. ஆக √1008 = 12√7.

7. √8ன்னு அப்படியே விட்டா மார்க் குறைப்பாங்களா?

"சுருக்குக" என்று கேட்டிருந்தால் குறையும். கேட்காவிட்டாலும் நான் 2√2 என்றே எழுதச் சொல்வேன், ஏனென்றால் அடுத்த வரியில் கூட்டல் வந்தால் ஒத்த முறுடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கீழே ரூட் இருந்தால் அதையும் மேலே கொண்டுவாருங்கள்: 1/√2 என்பது √2/2. 1/(√3 − √2) போல இரண்டு உறுப்பு இருந்தால் மேலும் கீழும் √3 + √2ஆல் பெருக்குங்கள்; கீழே 3 − 2 = 1 ஆகி, விடை √3 + √2 என்று வந்துவிடும்.

8. கால்குலேட்டர்ல √2 போட்டா 1.414213562ன்னு முடிஞ்சிடுதே? அப்போ விகிதமுறு எண்தானே?

திரையில் இடம் முடிந்தது, எண் முடியவில்லை. 1.414213562ஐ கையால் வர்க்கப்படுத்தினால் கடைசி இலக்கம் 2 × 2 = 4 என்று வரும். 2.000… என்று வர வேண்டிய இடத்தில் 4 வந்தால் அது எப்படிச் சரியாக 2 ஆகும்?

இன்னும் கொஞ்சம் யோசித்தால் அழகான ஒன்று கிடைக்கும். முடிவுறு தசமம் எதுவானாலும் அதன் கடைசி இலக்கம் 1 முதல் 9க்குள் ஒன்றாக இருக்கும் (பூச்சியம் என்றால் அழித்துவிடலாம்). அதை வர்க்கப்படுத்தினால் கடைசி இலக்கம் 1, 4, 9, 6, 5 என்றுதான் வரும், பூச்சியம் ஒருபோதும் வராது. ஆகவே புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் எழுதினாலும் வர்க்கம் மிகச் சரியாக 2 ஆகாது. √2 முடிவுறு தசமம் இல்லை என்பது இதோடு உறுதி. சுழல் தசமமாகவும் (ஒரே இலக்கத் தொகுதி திரும்பத் திரும்ப வரும் தசமம்) இல்லை என்பதற்கு அடுத்த கேள்வி வேண்டும்.

9. √2 விகிதமுறா எண்ணுன்னு நிரூபிக்கிற கணக்கை மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா அதையே √4க்கு போட்டா ஏன் வேலை செய்யல?

இப்படிக் கேட்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். மனப்பாடம் செய்ததைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புத்தகத்தில் உள்ள நிரூபணம் சரியானதே. தேர்வில் அதையே எழுதுங்கள். புரிந்துகொள்ள வேறொரு வழி சொல்கிறேன். √2 = ம/ந என்று எழுத முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வர்க்கப்படுத்தினால் ம² = 2 × ந². இரண்டு பக்கத்தையும் பகாக் காரணிகளாகப் பிரியுங்கள். எந்த எண்ணின் வர்க்கத்திலும் ஒவ்வொரு பகா எண்ணும் இரட்டைப்படைத் தடவைதான் வரும். ஆகவே இடப் பக்கத்தில் 2 இரட்டைப்படைத் தடவை இருக்கிறது. வலப் பக்கத்தில் ந²இல் உள்ள இரட்டைப்படையோடு கூட ஒரு 2 சேர்ந்து ஒற்றைப்படை ஆகிவிடுகிறது. ஒரே எண்ணைப் பகாக் காரணிகளாக இரண்டு விதமாகப் பிரிக்க முடியாது. ஆகவே அப்படி ம, ந கிடையாது.

√4க்குப் போட்டால் ம² = 2×2×ந². வலப் பக்கத்தில் சேர்வது இரண்டு 2, எனவே இரட்டைப்படையாகவே இருக்கிறது, முரண்பாடு வரவில்லை. √12 என்றால் 2 பிரச்சினை செய்யாது, ஆனால் 3 தனியாக இருந்து மாட்டிவிடும். ஜோடி சேராத ஒரு பகா எண் இருந்தால் போதும். 2ஆம் கேள்வியில் சொன்ன விதி இதிலிருந்துதான் வருகிறது.

எட்ட முடியாதே தவிர, மிக நெருங்க முடியும். பழங்கால வடமொழி வடிவியல் நூலான போதாயன சுல்ப சூத்திரத்தில் √2க்குக் கிடைக்கும் மதிப்பு 1 + 1/3 + 1/(3×4) − 1/(3×4×34), அதாவது 577/408. 577இன் வர்க்கம் 3,32,929. 408இன் வர்க்கத்தின் இரு மடங்கு 3,32,928. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். அந்த ஒன்றைப் பூச்சியமாக்கும் பின்னம் எதுவும் இல்லை என்றுதான் மேலே நிரூபித்தோம்.

10. முடிவே இல்லாத எண் எப்படி மிஸ் எண்கோட்டுல ஒரு புள்ளியில நிக்கும்?

வீட்டுத் தரையில் இரண்டு அடிக்கு இரண்டு அடி டைல்ஸ் இருந்தால் மூலைக்கு மூலை ஒரு நூலைப் பிடியுங்கள். நூலின் நீளம் 2√2 அடி, சுமார் 2.83 அடி. நூலுக்கு இரண்டு முனையும் இருக்கிறது. முடிவில்லாமல் போவது நாம் பத்தின் அடிப்படையில் எழுதும் இலக்கங்கள். அந்த நூலை எண்கோட்டில் பூச்சியத்திலிருந்து வைத்தால் ஒரே புள்ளியில்தான் முடியும்.

11. பை = 22/7ன்னு போட்டுதானே கணக்கு செய்யறோம்? அப்போ பை விகிதமுறு எண்தானே?

22/7 விகிதமுறு எண். பை 22/7 இல்லை. 22/7 என்பது 3.142857142857…, பை 3.14159265… என்று போகிறது. மூன்றாவது தசம இடத்திலேயே பிரிந்துவிடுகிறது. 355/113 இன்னும் நெருக்கமானது, ஆறு தசம இடம் வரை ஒத்துப்போகும். அதுவும் பை இல்லை. எந்தப் பின்னமும் பை ஆகாது என்று லாம்பெர்ட் 1761இல் நிரூபித்தார். கணக்கில் 22/7 போடச் சொன்னால் போடுங்கள். வகைப்படுத்தச் சொன்னால் பை விகிதமுறா எண்.

12. முடிவில்லாம போற தசமம் எல்லாம் விகிதமுறா எண்தானே?

சுழல்கிறதா என்று பாருங்கள். 0.272727… என்பதை நூறால் பெருக்கினால் 27.272727…. அதிலிருந்து பழையதைக் கழித்தால் 99 மடங்கு = 27. ஆக எண் 27/99, அதாவது 3/11. சுழலும் தசமம் எதையும் இப்படிப் பின்னமாக்கலாம். சுழலாமலும் முடியாமலும் போனால்தான் விகிதமுறா எண். 0.101001000100001… என்பதில் ஒழுங்கு இருக்கிறது, ஆனால் ஒரே தொகுதி திரும்ப வருவதில்லை. அது விகிதமுறா எண்.

இங்கேயும் கால்குலேட்டரை நம்ப வேண்டாம். 1/17 = 0.0588235294117647… பதினாறு இலக்கம் கழித்துத்தான் மறுபடி 0588 தொடங்கும். பத்து இலக்கத் திரையில் அது சுழலாதது போலத் தெரியும். 17ஆல் வகுக்கும்போது வரக்கூடிய மீதிகள் 1 முதல் 16 வரைதான், அவற்றில் ஒன்று திரும்ப வந்தே ஆக வேண்டும். பின்னமாக இருந்தாலே முடியும் அல்லது சுழலும் என்பதற்குக் காரணம் இதுதான்.

13. விகிதமுறா எண்ணும் விகிதமுறா எண்ணும் கூட்டினா விகிதமுறா எண்தான் வரும், சரியா?

சரியில்லை. (2 + √3) + (5 − √3) = 7. பெருக்கலிலும் அப்படியே: √2 × √8 = 4. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: விகிதமுறு எண்ணோடு விகிதமுறா எண்ணைக் கூட்டினால் எப்போதும் விகிதமுறா எண்தான். கூட்டிய விடை பின்னமாக வந்தால், அதிலிருந்து அந்த விகிதமுறு எண்ணைக் கழித்தாலும் பின்னம்தானே வரும்? மிஞ்சியது விகிதமுறா எண் என்றல்லவா சொன்னோம். பெருக்கலுக்கும் இதே விதி, பூச்சியத்தால் பெருக்குவதைத் தவிர.

14. அப்போ √2 + √3யும் கூட்டினா விகிதமுறு எண்ணா இருக்கலாம் இல்ல? எப்படி இல்லைன்னு சொல்றீங்க?

நியாயமான கேள்வி. "இரண்டும் விகிதமுறா எண்கள், எனவே கூடுதலும் அப்படியே" என்று எழுதினால் 13ஆம் பதிலின்படி மதிப்பெண் தரக்கூடாது. வர்க்கப்படுத்துங்கள்: 2 + 3 + 2√6 = 5 + 2√6. √2 + √3 ஒரு பின்னம் என்றால் அதன் வர்க்கமும் பின்னம். அதிலிருந்து 5ஐக் கழித்து 2ஆல் வகுத்தால் √6 பின்னமாகிவிடும். 6 முழு வர்க்கம் இல்லை, எனவே அது நடக்காது.

√2 + √3 + √5 என்றால்? மொத்தத்தை க என்று வைத்து, க − √5 = √2 + √3 என்று எழுதி வர்க்கப்படுத்துங்கள். இரு பக்கமும் உள்ள 5 அடிபட்டு க² = 2க√5 + 2√6 என்று வரும். இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் √30 மட்டும் மிஞ்சும், க பின்னம் என்றால் √30உம் பின்னம் ஆக வேண்டியிருக்கும். பொதுவாக மிகை முழு எண்களின் ரூட்டுகளை எத்தனை கூட்டினாலும், ஒவ்வொன்றும் தனித்தனியே முழு எண்ணாக இருந்தால்தான் கூடுதல் விகிதமுறு எண்ணாகும். கழித்தல் கலந்தால் இது பொருந்தாது, √2 − √2 போல.

15. மேடம், ரூட் இல்லாமலே கர்ணம் கண்டுபிடிக்கிற பழைய தமிழ்ப் பாட்டு வாட்ஸ்அப்ல வந்துது. 30க்கு 40 மனைக்கு போட்டுப் பார்த்தேன், சரியா வருது. அப்புறம் எதுக்கு பிள்ளைங்க ரூட் படிக்கணும்?

பெற்றோரிடமிருந்து அடிக்கடி வருவது இதுதான். பாட்டு சொல்வது: நீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம், அதாவது மூலைக்கு மூலை குறுக்கு நீளம். 40இல் எட்டில் ஒன்று போனால் 35, 30இல் பாதி 15, கூட்டினால் 50. பிதாகரஸ் வழியிலும் 50தான்.

இப்போது 20க்கு 30 மனைக்குப் போடுங்கள். 26.25 + 10 = 36.25. உண்மையான கர்ணம் √1300 = 10√13, சுமார் 36.06. பத்துக்குப் பத்து அறையில் பாட்டு தருவது 13.75, உண்மை 10√2, சுமார் 14.14. நாலரை அங்குலத்துக்கு மேல் குறைகிறது. எட்டில் ஏழும் இரண்டில் ஒன்றும் விகிதமுறு எண்கள். பக்கங்களும் அப்படியென்றால் இந்த முறையில் வரும் விடை எப்போதும் விகிதமுறு எண்ணாகத்தான் இருக்கும். 10√2 விகிதமுறா எண். இரண்டும் சமமாக வழியே இல்லை. கர்ணம் முழு எண்ணாக வரும் இடத்திலும் இது தவறலாம்: 15, 8 பக்கங்களுக்கு உண்மை 17, பாட்டு 17.125.

எப்போது மிகச் சரியாக வரும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். நீளம் அ, உயரம் ஆ என்று வைத்து, பாட்டின் விடையை வர்க்கப்படுத்தி அ² + ஆ²க்குச் சமப்படுத்தினால் 15அ² − 56அஆ + 48ஆ² = 0. காரணிப்படுத்தினால் (3அ − 4ஆ)(5அ − 12ஆ) = 0. ஆகவே பக்கங்கள் 4:3 அல்லது 12:5 என்ற விகிதத்தில் இருந்தால் மட்டும் சரி. உங்கள் மனை 4:3 என்பதால்தான் பொருந்தியது. தோராயத்துக்கு நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் மேஸ்திரி கடைக்கால் போடும்போது 3 அடி, 4 அடி குறித்து குறுக்கே 5 அடி வருகிறதா என்று டேப் பிடித்து மூலை பார்க்கிறாரே, அது தோராயம் இல்லை. 9 + 16 = 25 என்பது மிகச் சரியான சமன்பாடு.

16. √(5 + 2√6)ன்னு ரூட்டுக்குள்ள ரூட் வந்தா என்ன செய்யறது?

14ஆம் பதிலைத் திருப்பிப் போடுங்கள். கூட்டினால் 5, பெருக்கினால் 6 வரும் இரண்டு எண்கள் 2, 3. ஆகவே விடை √2 + √3. √(7 + 4√3) என்றால் முதலில் 4√3ஐ 2√12 ஆக்குங்கள். கூட்டினால் 7, பெருக்கினால் 12, எண்கள் 4, 3. விடை 2 + √3. எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்க முடியாது. முதல் உறுப்பின் வர்க்கத்திலிருந்து இரண்டாம் உறுப்பின் வர்க்கத்தைக் கழித்தால் முழு வர்க்கம் வர வேண்டும். √(5 + √3) என்றால் 25 − 3 = 22 முழு வர்க்கம் இல்லை, அதனால் அப்படியே விட வேண்டியதுதான். மேலே 5 + 2√6, அதாவது 5 + √24க்கு 25 − 24 = 1 வந்ததைக் கவனியுங்கள்.

17. ரூட்டுக்குள்ள ரூட் முடிவில்லாம போனா, விடை கண்டிப்பா விகிதமுறா எண்தானே?

√2, √(2 + √2), √(2 + √(2 + √2)) என்று போய்க்கொண்டே இருங்கள். மதிப்புகள் 1.414, 1.848, 1.962, 1.990. ஒவ்வொன்றும் விகிதமுறா எண், நெருங்குவது 2ஐ. முடிவில்லா உருவை அ என்றால் அ² = 2 + அ, எனவே அ = 2. உள்ளே 2க்குப் பதில் எல்லா இடத்திலும் 1 போட்டால் (1 + √5)/2 வரும், அது விகிதமுறா எண். இரண்டும் நடக்கும்.

ராமானுஜன் 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு இப்படி ஒரு கணக்கு வைத்தார்: √(1 + 2√(1 + 3√(1 + 4√…))) எவ்வளவு? விடை 3. 3 = √(1 + 2×4), 4 = √(1 + 3×5), 5 = √(1 + 4×6) என்று ஒவ்வொரு எண்ணையும் விரித்துக்கொண்டே போனால் அது தெரியும். அந்தக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி அய்யர் அப்போது திருக்கோவிலூரில் துணை ஆட்சியர். 1910இல் ராமானுஜன் தன் நோட்டுப் புத்தகத்தோடு வேலை கேட்டு அவரைத்தான் பார்க்கப் போனார். திருக்கோவிலூர் அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் நான் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

18. ப்ளஸ் டூ அண்ணன் கேட்கச் சொன்னான்: பையும் ஆய்லர் எண்ணும் கூட்டினா விகிதமுறு எண்ணா, விகிதமுறா எண்ணா?

ஆய்லர் எண் 2.71828… விகிதமுறா எண் என்பதை ஆய்லரே 1737இல் காட்டினார். பைக்கு லாம்பெர்ட் என்று 11ஆம் பதிலில் சொன்னேன். இரண்டையும் கூட்டினால் என்ன வகை என்பதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 13ஆம் பதிலின்படி தனித்தனி வகையை வைத்துக் கூடுதலின் வகையைச் சொல்லிவிட முடியாது, 14இல் போல வர்க்கப்படுத்தினாலும் இங்கே எதுவும் சுருங்காது.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். இவற்றின் கூடுதல், பெருக்கற்பலன் இரண்டுமே விகிதமுறு எண்களாக இருந்தால், பை ஓர் இருபடிச் சமன்பாட்டின் மூலமாகிவிடும், அதன் கெழுக்கள் எல்லாம் விகிதமுறு எண்களாக இருக்கும். விகிதமுறு கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக் கோவைச் சமன்பாட்டுக்கும் பை மூலமாகாது என்று லிண்டெமன் 1882இல் நிரூபித்துவிட்டார். ஆகவே கூடுதல், பெருக்கற்பலன் இரண்டில் ஒன்றாவது விகிதமுறா எண். அது எது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.